பரவற்படியைக் கணிக்க எத்தனை மாதிரி வேண்டும்? நூற்பாலைக் கணக்கோடு ஒரு முழுமையான வழிகாட்டி

சராசரியைக் கணிக்க எத்தனை மாதிரி வேண்டும் என்ற சூத்திரம், கல்லூரியில் புள்ளியியல் படித்த எல்லோருக்கும் தெரியும். பரவற்படிக்கும் (பத்தாம் வகுப்பில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்த அதே வேரியன்ஸ்தான்) அப்படி ஒரு கணக்கு உண்டு. அதை யாரும் அவ்வளவாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் "முப்பது எடுத்தால் போதும்" என்ற பழைய பேச்சையே இங்கேயும் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள்.

முப்பது போதாது. முப்பது மாதிரியில் திட்ட விலக்கம் 1.00 என்று வந்தால், உண்மையான திட்ட விலக்கத்துக்கான 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இதற்குள் இருக்கும் என்று 95% நம்பிக்கையோடு சொல்லக்கூடிய வரம்பு) 0.80 முதல் 1.34 வரை நீள்கிறது. ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் ஒன்றே முக்கால் மடங்கு நெருங்கும் இடைவெளி இது. இந்த எண்ணை வைத்து ஒரு இயந்திரத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வது ஊகம்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு நூற்பாலையை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது தினசரி சமாச்சாரம். 40 கவுன்ட் பருத்தி நூல். (கவுன்ட் என்பது நூலின் நுண்மையைச் சொல்லும் எண், எண் கூடினால் நூல் மெல்லியது.) ராப் ரீலில் (நூலை அளந்து சுற்றும் கருவியில்) 120 கெஜம் சுற்றி எடுத்தால் அது ஒரு லீ. அதைக் கிராமில் எடை போட்டு, 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் கவுன்ட் கிடைக்கும். சரியான 40 கவுன்ட் நூலில் ஒரு லீ 1.62 கிராம் இருக்கும். ஆலையில் சராசரி கவுன்டைவிட அதன் ஏற்ற இறக்கம்தான் பெரிய தலைவலி. சராசரி 40 என்று இருந்தாலும் ஒரு கோன் 38, இன்னொன்று 42 என்று போனால், நெய்த துணியில் பட்டை விழும். அதனால்தான் கவுன்டின் மாறுபாட்டுக் கெழுவை (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பதை), ஆலைப் பேச்சில் கவுன்ட் சி.வி.யை, விடாமல் பார்க்கிறார்கள். அந்த சி.வி.யை நம்பும்படி கணிக்க எத்தனை லீ வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதல் படி: எதை, எவ்வளவு துல்லியமாக?

பரவற்படியா, திட்ட விலக்கமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திட்ட விலக்கத்தின் வர்க்கமே பரவற்படி, இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள்தான், ஆனால் "10% பிழை" என்பது இரண்டிலும் ஒன்றல்ல. திட்ட விலக்கத்தில் 10% பிழை என்றால் பரவற்படியில் ஏறக்குறைய 20% பிழை. 1.1-ஐ வர்க்கப்படுத்தினால் 1.21, அவ்வளவுதான் காரணம். பரவற்படியையே 10 சதவீதத்துக்குள் பிடிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவர் நான்கு மடங்கு மாதிரி கேட்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் அவருக்கு அது தேவைப்படாது. நூல் ஆனாலும் சரி, மருந்து மாத்திரை ஆனாலும் சரி, களத்தில் முடிவெடுக்கிறவர்கள் பார்ப்பது திட்ட விலக்கத்தையோ சி.வி.யையோதான். எனவே இலக்கைத் திட்ட விலக்கத்தில் வையுங்கள்.

அடுத்து, பிழையைச் சதவீதத்தில் சொல்லுங்கள். "திட்ட விலக்கம் 0.1 கவுன்டுக்குள் சரியாக இருக்க வேண்டும்" என்று சொன்னால், அதைக் கணக்கில் போட உண்மையான திட்ட விலக்கத்தைப் பற்றி முன்கூட்டியே ஒரு ஊகம் தேவைப்படும். சதவீதத்தில் சொன்னால் தேவைப்படாது. சராசரிக்கான சூத்திரத்தில் திட்ட விலக்கம் முன்பே தெரிந்திருக்க வேண்டும், தெரியாததைத் தெரிந்ததாக வைத்துத்தான் கணக்கையே தொடங்க வேண்டும். பரவற்படி விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. மாதிரியின் பரவற்படிக்கும் உண்மையான பரவற்படிக்கும் உள்ள விகிதம் எப்படிப் பரவும் என்பது, தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவலைப் பின்பற்றும் வரை, மாதிரி எண்ணிக்கையை மட்டுமே பொறுத்தது. ஹெல்மெர்ட் என்ற ஜெர்மானியர் 1876-இலேயே கண்டுகொண்ட விஷயம் இது. அதனால் எந்தத் தரவும் கையில் இல்லாமலேயே தொடக்கக் கணக்கைப் போட்டுவிடலாம்.

எத்தனை சதவீதம் என்பதைச் சூத்திரம் சொல்லாது. முடிவெடுக்கும் எல்லையிலிருந்து அது வர வேண்டும். சி.வி. 2.0 என்றால் ஏற்போம், 2.5 என்றால் திருப்பி அனுப்புவோம் என்று வாங்குபவர் சொல்கிறார் என்றால், இரண்டுக்கும் இடையே 25% வித்தியாசம். அதைப் பிரித்துக் காட்டப் பிழை 10 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 20% பிழையோடு போனால் இரண்டும் கலந்துவிடும்.

இரண்டாம் படி: முதல் கணக்கு

நினைவில் வைத்துக்கொள்ள எளிய தோராயம் இதுதான்:

திட்ட விலக்கத்துக்கு: மாதிரி எண்ணிக்கை = 1 + ½ × (இசட் ÷ பிழை)²

பரவற்படிக்கு: மாதிரி எண்ணிக்கை = 1 + 2 × (இசட் ÷ பிழை)²

இசட் என்பது நம்பிக்கை அளவுக்கு ஏற்ப இயல்நிலைப் பரவல் அட்டவணையிலிருந்து எடுக்கும் எண்: 95% நம்பிக்கைக்கு 1.96, 90 சதவீதத்துக்கு 1.645. பிழையைப் பின்னமாகப் போட வேண்டும், 10% என்றால் 0.10.

நம் ஆலைக்கு: 1.96-ஐ 0.10-ஆல் வகுத்தால் 19.6. அதன் வர்க்கம் 384.16, பாதி 192.08, ஒன்று கூட்டினால் 193.08. சூத்திரம் தோராயமானதால் 193 என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக 193 லீ. கேட்டதும் பயம் வரும். நீளத்தில் பார்த்தால் 21 கிலோமீட்டர் நூல், எடையில் பார்த்தால் மொத்தமே 313 கிராம். செலவு நூலில் இல்லை, ரீல் சுற்றி எடை போடும் ஆளின் நேரத்தில் இருக்கிறது.

பிழையை 5% ஆக்கினால் 769. 20% ஆக்கினால் 49. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு மாதிரி வேண்டும் என்ற விதி இங்கேயும் உண்டு. நம்பிக்கையை 90 சதவீதத்துக்கு இறக்கினால் 193 என்பது 137 ஆகும்.

சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே நூலில் சி.வி. 2% என்று வைத்துக்கொண்டால், சராசரி கவுன்டை 1 சதவீதத்துக்குள் கணிக்க 16 லீ போதும். சிறு மாதிரிக்கான டி-பரவல் திருத்தத்தையும் சேர்த்தால் 18. "பதினெட்டு லீ பார்த்தோம், கவுன்ட் கச்சிதமாக இருக்கிறது" என்று சொல்வது நியாயமே. அதே பதினெட்டை வைத்து சி.வி.யைப் பற்றிப் பேசுவதில்தான் நியாயம் இல்லை.

மூன்றாம் படி: கை-ஸ்கொயர் வைத்துச் சரிபார்த்தல்

மேலே உள்ளது தோராயம். மாதிரியின் பரவற்படி சமச்சீராகப் பரவாது, வலது பக்கம் வால் நீண்டிருக்கும். சிறு மாதிரிகளில் இது நன்றாகவே தெரியும். சரியான நம்பிக்கை இடைவெளிக்கு, மாதிரி எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணை (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) கை-ஸ்கொயர் என்ற பரவலின் மதிப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கிடைப்பது ஒரு பெருக்கல் எண். மாதிரியின் திட்ட விலக்கத்தை அதால் பெருக்கினால் எல்லை கிடைக்கும். 95 சதவீதத்துக்கான எண்கள் இவை:

5 மாதிரி: 0.60 முதல் 2.87 வரை
10 மாதிரி: 0.69 முதல் 1.83 வரை
20 மாதிரி: 0.76 முதல் 1.46 வரை
30 மாதிரி: 0.80 முதல் 1.34 வரை
50 மாதிரி: 0.84 முதல் 1.25 வரை
100 மாதிரி: 0.88 முதல் 1.16 வரை
200 மாதிரி: 0.91 முதல் 1.11 வரை

ஐந்து மாதிரிக்கான வரியை ஒரு முறை நின்று பாருங்கள். பல ஆய்வகங்களில் ஐந்து அளவீடு எடுத்து, திட்ட விலக்கத்தை மூன்று தசம இடம் வரை எழுதுவார்கள். அந்த எண்ணின் உண்மை மதிப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு வரை போகலாம்.

உங்களுக்கு வேண்டிய எண்ணைக் கண்டுபிடிக்க எக்செல்லோ லிப்ரேஆபிஸோ போதும். முதல் நெடுவரிசையில் 10, 11, 12 என்று மாதிரி எண்ணிக்கை, அடுத்ததில் ஒன்று குறைத்தது, மூன்றாவதில் கை-ஸ்கொயரின் இன்வர்ஸ் ஃபங்ஷனில் 0.025-க்கான மதிப்பு, நான்காவதில் வகுத்து வர்க்கமூலம். கீழே இழுத்துக்கொண்டே போய், நான்காவது நெடுவரிசை 1.10-க்குக் கீழே இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: எக்செல்லில் இந்த ஃபங்ஷனுக்குப் பல வடிவங்கள் உண்டு. சில இடது வாலிலிருந்து எண்ணும், சில வலது வாலிலிருந்து. 29-ஐயும் 0.025-ஐயும் கொடுத்துப் பாருங்கள். 16.05 வந்தால் சரி. 45.72 வந்தால் வலது வால், அப்போது 0.975 கொடுக்க வேண்டும். திட்ட விலக்கத்துக்கும் மாதிரிக்கான ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள், முழுத்தொகுதிக்கானதை அல்ல.

அப்படி இழுத்தால் 193-இல் நிற்காது, சுமார் 235-இல் நிற்கும். காரணம், கேள்வியே கொஞ்சம் மாறிவிட்டது. 193 என்பது "எனக்குக் கிடைக்கப்போகும் திட்ட விலக்கம் உண்மையிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்" என்ற கேள்விக்குப் பதில். 235 என்பது "என் நம்பிக்கை இடைவெளியின் மேல் எல்லை, எனக்குக் கிடைத்த எண்ணைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது" என்ற கேள்விக்குப் பதில். அறிக்கையில் இடைவெளியைத்தான் போடப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதே உங்கள் கேள்வி. புத்தகத்துக்குப் புத்தகம் அட்டவணை எண் வேறுபடுவதற்கு ஒரு காரணம் இதுதான்.

இன்னொன்று. உங்களுக்கு மேல் எல்லை மட்டும் போதுமா? வாங்குபவருக்கு சி.வி. அதிகமாக இருக்கிறதா என்பதில்தான் அக்கறை, குறைவாக இருந்தால் சந்தோஷம்தான். அப்படியானால் ஒரு பக்க எல்லை போதும். மேல் எல்லை 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றால், இரு பக்கக் கணக்குக்கு 70 வேண்டும், ஒரு பக்கத்துக்கு 51 போதும். பத்தொன்பது லீ மிச்சம்.

ஓசூர், சென்னை பக்கம் வாகன உதிரிபாகம் செய்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். சி.பி. எண்ணின் (அனுமதிக்கப்பட்ட எல்லைகளுக்குள் இயந்திரத்தின் ஏற்ற இறக்கம் எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் அளவின்) அடியில் உட்கார்ந்திருப்பது திட்ட விலக்கம். 30 உதிரிகளை அளந்து சி.பி. 1.33 என்று வந்தால், அதன் 95% இடைவெளி 0.99 முதல் 1.67 வரை. ஒரு முனையில் இயந்திரம் தேறாது, மறுமுனையில் அமோகம். அந்த 1.33-ஐ வைத்து எத்தனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றனவோ!

நான்காம் படி: தரவின் வாலைப் பாருங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தரவு இயல்நிலைப் பரவலில் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. சராசரி விஷயத்தில் இந்த அனுமானம் கொஞ்சம் பிசகினாலும் மாதிரி பெரிதானால் மைய எல்லைத் தேற்றம் (பெரிய மாதிரிகளின் சராசரி இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்பது) காப்பாற்றிவிடும். பரவற்படி விஷயத்தில் அந்தக் காப்பாற்றல் கிடையாது. மாதிரி எவ்வளவு பெரிதானாலும் கை-ஸ்கொயர் இடைவெளி தவறாகவே இருக்கும். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் 1953-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு புள்ளியியலாளர்கள் இதை மறக்கவில்லை, மற்றவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

திருத்தம் எளிது. குர்ட்டோசிஸ் என்ற அளவை வால் எவ்வளவு கனமானது என்பதைச் சொல்லும். இயல்நிலைப் பரவலுக்கு அது 3. அதைவிட எவ்வளவு கூடுதல் என்பதை உபரி என்று வைத்துக்கொண்டால்:

பரவற்படிக்கு: மாதிரி எண்ணிக்கை = 1 + (2 + உபரி) × (இசட் ÷ பிழை)²

திட்ட விலக்கத்துக்கு: மாதிரி எண்ணிக்கை = 1 + ((2 + உபரி) ÷ 4) × (இசட் ÷ பிழை)²

உபரி பூஜ்யம் என்றால் பழைய சூத்திரமே திரும்ப வரும். கவுன்ட் தரவு, இயந்திரம் ஒழுங்காக ஓடும்வரை, இயல்நிலைக்கு அருகில்தான் இருக்கும், கவலை இல்லை. அதே ஆலையில் ரிங் பிரேமில் நூல் அறுவதற்கு இடைப்பட்ட நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவது எந்த ஒழுங்கும் இல்லாமல் நடந்தால் அந்த நேரம் அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றும், உபரி 6. திட்ட விலக்கத்தை 10 சதவீதத்துக்குள் கணிக்க 193 போதாது, 769 வேண்டும். நான்கு மடங்கு! மாறாக, இரண்டு எல்லைகளுக்குள் சமமாகப் பரவிய தரவாக இருந்தால் உபரி −1.2, அதற்கு 78-ஏ போதும்.

உபரியை எங்கிருந்து பெறுவது? இங்கே நேர்மையான பதில் கொஞ்சம் சங்கடமானது. இருபது முப்பது மாதிரியிலிருந்து கணக்கிட்ட குர்ட்டோசிஸை நம்ப முடியாது. பரவற்படியைக் கணிப்பதைவிடக் கடினமான வேலை அது. பெரும்பாலும் குறைவாகவே காட்டும், ஏனென்றால் வாலில் இருக்கும் அரிய மதிப்புகள் சின்ன மாதிரியில் அகப்படாது. எனவே பழைய பதிவேடுகளைப் புரட்டுங்கள். ஆலையில் மாதக்கணக்கில் லீ எடைகள் எழுதி வைத்திருப்பார்கள். அதே மாதிரி தரவு நூற்றுக்கணக்கில் கிடைத்தால் அதிலிருந்து எடுங்கள். எதுவும் இல்லையென்றால், வரைபடம் போட்டுப் பார்த்து, உபரியை 1 அல்லது 2 என்று வைத்துப் பாதுகாப்பாகப் போங்கள். உபரி 1 என்றால் நம் 193 என்பது 289 ஆகும்.

விலகி நிற்கும் புள்ளிகளை, வரைபடத்தில் அழகாக இல்லை என்பதற்காக நீக்காதீர்கள். எடைத்தராசு தட்டுப்பட்டதா, லீ பாதியில் அறுந்ததா என்று பார்த்து, காரணம் இருந்தால் மட்டும் நீக்குங்கள். காரணமில்லாமல் நீக்கினால் நீங்கள் அளப்பது உங்கள் விருப்பத்தைத்தான்.

ஐந்தாம் படி: எதை எண்ணுகிறீர்கள்?

பெரும்பாலான கணக்குகள் கெடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 193 லீ வேண்டும் என்றதும், வசதிக்காக 40 பாபின்களிலிருந்து (நூல் சுற்றிய குழல்களிலிருந்து) தலா ஐந்து லீ எடுத்து 200 ஆக்கிவிடுவார்கள். ஒரே பாபினில் இருக்கும் ஐந்து லீயும் ஒரே ஸ்பிண்டிலில் வந்தவை, ஒன்றுக்கொன்று சாயல் அதிகம். சூத்திரம் கேட்பது ஒன்றையொன்று சாராத 193 அளவீடுகள்.

ஒரே பாபினில் உள்ள இரண்டு லீக்களுக்கு இடையே உள்ள ஒட்டுறவுக் கெழு தெரிந்தால் திருத்தம் இப்படி: தேவையான எண்ணிக்கையை, 1 + (ஒரு பாபினுக்கு எத்தனை லீ − 1) × ஒட்டுறவின் வர்க்கம் என்பதால் பெருக்க வேண்டும். சராசரிக்கான சூத்திரத்தில் ஒட்டுறவு வர்க்கம் இல்லாமல் வரும், இங்கே வர்க்கமாக வருகிறது. அதனால் அடி கொஞ்சம் குறைவு, ஆனாலும் அடிதான்.

ஒட்டுறவு 0.5 என்று வைப்போம். பாபினுக்கு இரண்டு லீ எடுத்தால் பெருக்கல் எண் 1.25, ஆக 242 லீ, 121 பாபின். நான்கு லீ எடுத்தால் 1.75, ஆக சுமார் 340 லீ, 85 பாபின். ஐந்து எடுத்தால் பெருக்கல் எண் 2, நீங்கள் எடுத்த 200 லீயின் பெறுமதி 100 தான். ஒட்டுறவு 0.8 என்றால் அந்த 200-இன் பெறுமதி 56 ஆகச் சுருங்கும். ஒரு பாபினிலிருந்து எத்தனை லீ உருவினாலும், ஒட்டுறவு 0.5-இல் சுமார் 48 பாபின்களுக்குக் கீழே இறங்கவே முடியாது.

பாபின் எடுப்பது கஷ்டமா, லீ சுற்றுவது கஷ்டமா என்பதை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பொதுவாகப் பாபினுக்கு ஒன்றோ இரண்டோ லீ, பாபின்கள் பல இயந்திரங்கள், பல ஷிஃப்டுகளிலிருந்து என்பதே நல்லது. இரவு ஷிஃப்டைத் தவிர்த்துவிட்டு எடுத்த மாதிரி, பகல் ஷிஃப்டின் பரவற்படியைத்தான் சொல்லும்.

அளக்கும் முறையின் ஏற்ற இறக்கமும் நூலின் ஏற்ற இறக்கத்தோடு கூடிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். பருத்தி காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒரு நாள் ஈரமான அறையிலும் மறுநாள் காய்ந்த அறையிலும் எடை போட்டால், மழையின் பரவற்படியையும் சேர்த்து அளப்பீர்கள். சோதனை அறை 27 டிகிரி, 65% ஈரப்பதம் என்று இந்தியத் தரநிலையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆறாம் படி: முன்னோட்டம், அப்புறம் முழு மாதிரி

ஒட்டுறவு, உபரி இரண்டும் தெரியாதபோது சிறிய முன்னோட்டம் ஒன்று நடத்துவதே வழி. வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பைக் கணிக்க 1937-இல் தொடங்கிய ஆய்வுகளில் இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். முதலில் சின்னதாக நடத்தி, ஏற்ற இறக்கமும் செலவும் எப்படி என்று பார்த்து, அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு விரிவாக்கினார். நம் ஆலைக்கு இருபது பாபின், பாபினுக்கு இரண்டு லீ என்பது நல்ல தொடக்கம். ஒட்டுறவைப் பற்றி ஓரளவு ஊகம் கிடைக்கும். அதே முறையில், அதே நிலைமையில் எடுத்ததென்றால் முன்னோட்டத் தரவை முழு மாதிரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. எடுக்க எடுக்கத் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, எண் நமக்குப் பிடித்த இடத்தில் வந்ததும் நிறுத்துவது. அப்படி நிறுத்தினால் பரவற்படி பெரும்பாலும் குறைவாகவே வரும். எண்ணிக்கையை முன்பே எழுதி வைத்து, அங்கே மட்டும் நிறுத்துங்கள்.

முழுத்தொகுதியே சின்னது என்றால், உதாரணமாக ஒரு சரக்கில் 500 கோன்தான் என்றால், கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்: 193-ஐ, 1 + 193 ÷ 500 என்பதால் வகுத்தால் 140. ஆனால் அந்த 500 கோனைப் பற்றி மட்டுமே பேசுவதாக இருந்தால்தான் இந்தச் சலுகை. இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதென்றால் 193-தான்.

ஏழாம் படி: அறிக்கையில் என்ன எழுதுவது?

"கவுன்ட் சி.வி. 2.0%" என்று மட்டும் எழுதாதீர்கள். இருபது லீயிலிருந்து வந்த 2.0%, 1.5 முதல் 2.9 வரை எதுவாகவும் இருக்கலாம். 1.5 என்றால் ஆலைக்குப் பாராட்டு, 2.9 என்றால் சரக்கு திரும்பி வரும். எத்தனை பாபின், பாபினுக்கு எத்தனை லீ, எந்த ஷிஃப்டுகள், இடைவெளி எவ்வளவு, ஒரு பக்கமா இரு பக்கமா, உபரிக்கு என்ன எண் வைத்தீர்கள் என்பதைச் சி.வி.க்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். நேரமும் ஆளும் ஐம்பது லீக்குத்தான் கிடைக்கும் என்றால் ஐம்பதே எடுங்கள், தவறில்லை. ஆனால் இடைவெளி 0.84 மடங்கு முதல் 1.25 மடங்கு வரை என்பதைப் போடாமல் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.